பிஜிக்கு முதல் பயணம்: படகில் தொடங்கி சேலத்துக்கு வாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை சேலம், ஏற்காடு பக்கத்துக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தைக் கேட்கின்றன: பிஜித் தீவுகள். எழுதியவர்களில் பலருக்கு நீண்ட விமானப் பயணமே இதுதான் முதல் தடவை. ஆகவே பளபளக்கும் படங்களை ஒதுக்கிவிட்டு, எங்கே சிக்கும் என்பதிலிருந்து ஆரம்பிக்கிறோம்.

எங்கள் திருமண வெள்ளி விழாவுக்குப் பிஜி போகலாம் என்கிறாள் மகள். நாங்கள் இருவர், கல்லூரியில் படிக்கும் மகள், 67 வயது மாமியார். டிசம்பர் கடைசியா, மே மாதமா? எத்தனை நாள் வேண்டும்?
– வாசகி, அஸ்தம்பட்டி

மே மாதம். யோசிக்கவே வேண்டாம். பிஜி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருக்கிறது. அங்கே நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழைக்காலம், புயல் காலமும் அதுதான். 2016 பிப்ரவரியில் வின்ஸ்டன் என்ற ஐந்தாம் வகைப் புயல் ஊர் ஊராகக் கூரையைப் பிய்த்துப் போட்டது. எல்லா வருடமும் அப்படி வராதுதான். ஆனால் டிசம்பர் கடைசியில் கிறிஸ்துமஸ் கூட்டத்தால் வாடகையும் ஏறியிருக்கும், வானத்தையும் நம்ப முடியாது. இரண்டுக்கும் சேர்த்துப் பணம் கட்டுவானேன்?

மே முதல் அக்டோபர் வரை வறண்ட காலம். அதற்குள்ளும் ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடு வரையும், செப்டம்பர் கடைசியிலும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பள்ளி விடுமுறை வரும். ரிசார்ட்டுகள் நிரம்பிவிடும். ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று பலமாக அடிக்கும், சின்னப் படகு குலுக்கி எடுக்கும். மே மாதத்தில் இந்தத் தொல்லைகள் குறைவு. நம் ஊர்க் கோடை விடுமுறையும் அப்போதுதான்.

பெரிய தீவின் மேற்குப் பக்கமாகத் தங்குங்கள். விமானம் இறங்கும் நாடி ஊர், மமனூக்கா, யசாவா என்ற தீவுக் கூட்டங்கள் எல்லாம் மழை மறைவுப் பகுதியில் இருப்பவை. தலைநகர் சுவா கிழக்கே இருக்கிறது. அங்கே வறண்ட காலத்திலும் குடை வேண்டும்.

போகவே ஒன்றரை நாள் ஆகும். அங்கே 7 இரவுக்குக் குறைவாகத் தங்கப் போவதென்றால், இவ்வளவு தூரம் வேண்டாம். மாலத்தீவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

விமான டிக்கெட்டை முதலில் போடுவதா, ரிசார்ட்டையா? மலிவாக வந்ததும் டிக்கெட்டைப் போட்டுவிடச் சொல்கிறார்கள்.
– வாசகர், நாகலூர், ஏற்காடு

தீவைத் தேர்ந்தெடுங்கள், அடுத்து அந்தத் தீவுக்குப் படகு எத்தனை மணிக்கு என்று பாருங்கள். பிறகு விமானம். கடைசியாகத்தான் ஏற்காட்டிலிருந்து எப்போது இறங்குவது என்ற கணக்கு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

யசாவா தீவுகளுக்குப் போகும் பெரிய படகு, நாடியை அடுத்த டெனராவ் துறையிலிருந்து காலையில் ஒரே ஒரு தடவைதான் கிளம்பும். உங்கள் விமானம் அதற்குப் பிறகு நாடியில் இறங்கினால், அன்றைய இரவு நாடியில்தான். தீவில் நீங்கள் பணம் கட்டிய முதல் இரவு வீண். மமனூக்கா தீவுகள் கிட்டத்தில் இருப்பவை, அங்கே ஒரு நாளைக்குப் பல படகுகள் உண்டு. முதல் தடவை, அதுவும் வயதானவர்களோடு போகிறவர்கள் மமனூக்காவையே எடுங்கள். யசாவாவின் வடகோடித் தீவுகளுக்குப் படகிலேயே நாலரை மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். கடல் விமானம் இருக்கிறதே என்பீர்கள். அது பகல் வெளிச்சத்தில் மட்டுமே பறக்கும், லக்கேஜும் பெரும்பாலும் ஆளுக்கு 15 கிலோதான்.

அடுத்தது தேதிக் குழப்பம். பிஜி நேரம் நம்மைவிட ஆறரை மணி முன்னால். வெள்ளி இரவு சென்னையில் ஏறினால் சனி காலை சிங்கப்பூர். அங்கே காத்திருந்து சனி இரவு ஏறினால், சுமார் பத்து மணி நேரம் பறந்து நாடியில் இறங்கும்போது ஞாயிறு. ‘வெள்ளிக்கிழமை கிளம்புகிறோம், சனிக்கிழமையிலிருந்து அறை’ என்று போட்டவர்களின் முதல் இரவை ரிசார்ட் ‘வரவில்லை’ என்று கணக்கெழுதிவிடும். சில இடங்களில் மொத்தப் பதிவையே ரத்து செய்வார்கள். ஞாயிறன்று நாடியில் பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று. டிக்கெட்டில் 15-ம் தேதி 00.40 என்று இருந்தால், விமான நிலையத்துக்கு நீங்கள் போக வேண்டியது 14-ம் தேதி இரவு. சிரிக்காதீர்கள், மறுநாள் பெட்டியோடு வந்து நிற்பவர்கள் எப்போதும் உண்டு.

இனி ஏற்காட்டுக்கு வருவோம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வெளிச்சத்திலேயே இறங்கிவிடுங்கள், மூடுபனியில் நேரக் கணக்கு நிற்காது. மலைப்பாதையில் மண் சரிந்தால் குப்பனூர் வழி கைகொடுக்கும். சேலத்திலிருந்து சென்னை 340 கிலோமீட்டர், காரில் ஆறு மணி நேரம். இரவு விமானத்துக்குக் கோவை – சென்னை வந்தே பாரத் சௌகரியம். காலையில் சேலம் ஜங்ஷனில் ஏறினால் மதியத்துக்குள் சென்ட்ரல், அங்கிருந்து மெட்ரோவிலேயே விமான நிலையம். வாரத்தில் ஒரு நாள் அந்த ரயில் ஓடாது, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பெங்களூரு கிட்டத்தில் இருப்பதாகத் தோன்றும். விமான நிலையம் ஊருக்கு அந்தப் பக்கம், தேவனஹள்ளியில். தொப்பூர் கணவாயில் ஒரு லாரி சாய்ந்தால் இரண்டு மணி நேரம் போச்சு, மிச்சத்தை ஓசூர் ரோடு பார்த்துக்கொள்ளும்.

திருச்சி – சிங்கப்பூர் தனியாக, சிங்கப்பூர் – நாடி தனியாக எடுத்தால் நாலு பேருக்கும் நல்ல தொகை மிச்சமாகிறது. ஏஜென்ட் ‘சிட்னி வழி இன்னும் மலிவு’ என்கிறார். எது சரி?
– வாசகர், சூரமங்கலம்

இரண்டிலும் பொறி இருக்கிறது. சிட்னியை முதலில் பார்த்துவிடலாம்.

இந்திய பாஸ்போர்ட்டுக்குப் பிஜியில் முன்கூட்டி விசா வேண்டாம். ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று, இவை இருந்தால் இறங்கியதும் நான்கு மாதத்துக்கு அனுமதி தருவார்கள். ஆனால் ஆஸ்திரேலியா வழியாகப் போனால், விமான நிலையத்தை விட்டு வெளியே வராவிட்டாலும் இந்தியருக்கு டிரான்சிட் விசா வேண்டும். 771 என்பது அதன் எண். கட்டணம் இல்லை, ஆனால் விண்ணப்பித்து, ஆவணங்கள் ஏற்றி, காத்திருந்து வாங்க வேண்டும். ஆக்லாந்து வழியானாலும் டிரான்சிட் விசா கட்டாயம். இல்லாமல் போனால் மாட்டுவது சிட்னியில் அல்ல, சென்னைக் கவுன்டரிலேயே. ‘பிஜிக்குத்தான் விசா வேண்டாமே’ என்று அங்கே வாதாடிப் பயனில்லை. ஆவணம் இல்லாதவரை ஏற்றினால் விமான நிறுவனம் அபராதம் கட்ட வேண்டும், அதனால் ஏற்ற மாட்டார்கள். டிக்கெட் பணமும் பெரும்பாலும் போனதுதான்.

அடுத்து திருச்சிக் கணக்கு. சிங்கப்பூரில் விமானம் மாற மட்டும் இறங்கினால் இந்தியருக்கு விசா தேவையில்லை. அது உள்ளேயே இருக்கும்வரைதான். இரண்டு தனி டிக்கெட் என்றால் உங்கள் பெட்டி சிங்கப்பூரோடு நின்றுவிடும். அதை எடுக்கக் குடிநுழைவைத் தாண்ட வேண்டும், தாண்ட சிங்கப்பூர் விசா வேண்டும். மிச்சம் பிடித்த தொகையில் பாதி விசாவுக்கும் ஏஜென்ட்டுக்கும் போகும்.

பெரிய ஆபத்து வேறு. திருச்சி விமானம் தாமதமாகி நாடி விமானம் போய்விட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு நீங்கள் ‘வராத பயணி’, அவ்வளவுதான். வராத பயணியின் திரும்பும் டிக்கெட்டையும் பல நிறுவனங்கள் தாமாகவே ரத்து செய்துவிடும். சிங்கப்பூர் – நாடி விமானம் தினமும் இருப்பதில்லை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது நாளைக்கே வரும் என்று சொல்ல முடியாது. ஒரே பி.என்.ஆரில் போனால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பு. எனவே சென்னையிலிருந்தோ பெங்களூருவிலிருந்தோ நாடி வரை ஒரே டிக்கெட், நடுவில் குறைந்தது நான்கு மணி நேர இடைவெளி. ஹாங்காங் வழியாகவும் இப்படிக் கிடைக்கும். சேலத்தின் கமலாபுரம் விமான நிலையத்திலிருந்து சென்னைக்குப் போகிறவர்களும் கவனியுங்கள், அதுவும் தனி டிக்கெட்தான். முடிந்த அளவு முன்னதாகவே போய், இரவு வரை சென்னையில் இருப்பது நல்லது.

கவுன்டரை விட்டு நகருமுன், பெட்டியின் கைப்பிடியில் சுற்றிய வெள்ளைச் சீட்டைப் படியுங்கள். மேலே பெரிதாக ‘என்.ஏ.என்’ என்றிருந்தால் பெட்டி நாடிக்குப் போகிறது. ‘எஸ்.ஐ.என்’ மட்டும் இருந்தால் சிங்கப்பூரோடு சரி. அங்கேயே சொல்லி மாற்றுங்கள். பாதிச் சீட்டு உங்களிடம் தருவார்கள், போர்டிங் பாஸ் பின்னால் ஒட்டியிருக்கும். அதைக் கிழித்துப் போடாதீர்கள்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் மட்டும்தான், சர்நேம் காலியாக இருக்கிறது. அம்மா ஐந்தாவது வரைதான் படித்தவர், அவர் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்று வருமாம். விடுவார்களா?
– வாசகர், ஓமலூர்

இ.சி.ஆர். என்பது குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கான கட்டுப்பாடு. சுற்றுலாவுக்குத் தடை இல்லை, பிஜி அந்தப் பட்டியலிலும் இல்லை. 50 வயது தாண்டியவருக்கு அது வராது. வயதுச் சான்றோடு கேளுங்கள்.

ஒற்றைப் பெயர் பிஜிக்குத் தடையில்லை. தலைவலி டிக்கெட்டில்தான். சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு மாதிரி. கேட்டுவிட்டுப் பதியுங்கள், பிறகு திருத்த அபராதம். துபாய் வழியில் ஊருக்குள் இறங்கிப் பார்க்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு அங்கே சுற்றுலா விசா தருவதில்லை.

புதிதாக எடுப்பவர்கள் இனிஷியலை விரித்து, அப்பா பெயரைச் சர்நேம் கட்டத்தில் போட்டுவிடுங்கள். ஆதார் எழுத்துக்கூட்டலும் அதோடு பொருந்த வேண்டும். 36 பக்க பாஸ்போர்ட்டுக்கு 1,500 ரூபாய். சேலம் தலைமை அஞ்சலகத்திலேயே பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது.

ரிசார்ட் விளம்பரத்தில் எல்லாம் ‘கடலோர அறை’, ‘எல்லாம் உட்பட’ என்றே போட்டிருக்கிறது. எதை நம்புவது?
– வாசகி, ஆத்தூர்

எதையும் நம்பாமல் மின்னஞ்சலில் நாலு கேள்வி கேளுங்கள், பதிலை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: கடல் வற்றும்போதும் கரையில் நீந்த முடியுமா? பவழப்பாறை சூழ்ந்த கரைகளில் கடல் வற்றினால் முழங்கால் அளவுத் தண்ணீரும் கூர்மையான பாறையுமாகக் கிடக்கும். படம் எடுப்பது கடல் ஏறி நிற்கும் நேரத்தில். தெற்கே பவழக்கரைப் பகுதியிலுள்ள ரிசார்ட்டுகளில் இது சகஜம். நாடிக்குப் பக்கத்து டெனராவில் வேறு குறை. பெரிய பெரிய ஹோட்டல்கள், வசதிக்குப் பஞ்சமில்லை, ஆனால் மணல் சாம்பல் நிறம், தண்ணீரும் கலங்கல். நீலக் கண்ணாடிக் கடலை எதிர்பார்த்துப் போனால் முகம் வாடும்.

இரண்டாவது: படகுக் கட்டணம் சேர்த்தா? பெரும்பாலும் இல்லை. நாலு பேருக்குப் போக வரக் கணக்கிட்டால் ஒரு இரவு வாடகையே ஆகிவிடலாம்.

மூன்றாவது: சாப்பாட்டுத் திட்டம் கட்டாயமா, ஆளுக்கு எவ்வளவு? சின்னத் தீவில் வெளியே கடையே கிடையாது, மூன்று வேளையும் அவர்கள் வைத்ததுதான் விலை. ‘எல்லாம் உட்பட’ என்பதில் தண்ணீர் பாட்டில், படகுச் சவாரி, முக்குளிப்புக் கருவி உண்டா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

நான்காவது, பெரியவர்களை அழைத்துப் போகிறவர்களுக்கு: படகுத்துறை இருக்கிறதா, அல்லது சின்னப் படகுக்கு மாறித் தண்ணீரில் கால் நனைத்து இறங்க வேண்டுமா? பல தீவுகளில் இரண்டாவதுதான். முட்டி வலிக்காரருக்கு அது பெரிய சங்கடம்.

நாங்கள் சுத்த சைவம், முட்டைகூட இல்லை. ஊறுகாய், பருப்புப் பொடி, ஏற்காடு மலைத்தேன், கொஞ்சம் மல்கோவா எடுத்துப் போகலாமா? நாடி முருகன் கோயிலுக்குச் சூடமும்.
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

தேனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பிஜி உயிரிப் பாதுகாப்புத் துறை தேன் விஷயத்தில் மிகக் கண்டிப்பு. தேனீ நோய் வந்துவிடும் என்று ஒரு சின்னச் சீசாவையும் விட மாட்டார்கள். மாம்பழமும் கூடாது, விதையோ செடியோ கூடாது. சூடத்தை விமானத்திலேயே ஏற்ற முடியாது, கைப்பையிலும் சரி, பெட்டியிலும் சரி. தீப்பிடிக்கும் பொருள் பட்டியலில் அது இருக்கிறது. கொப்பரைத் தேங்காய்க்கும் அதே விதி.

பருப்புப் பொடி, ஜவ்வரிசி வத்தல், வறுத்து அரைத்த காப்பித்தூள் எல்லாம் கம்பெனி சீல் போட்ட பாக்கெட்டில், பெயர் தெரியும்படி எடுத்துப் போங்கள். வீட்டில் அரைத்து டப்பாவில் அடைத்தது கேள்விக்கு இடம் தரும். எதுவானாலும் வருகைப் படிவத்தில் ‘உணவுப் பொருள் உண்டு’ என்று குறித்துவிடுங்கள். குறித்தால் பார்த்துவிட்டு விடுவார்கள், மிஞ்சினால் அந்தப் பொருளை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். மறைத்தால் அபராதம். ஊறுகாய் பெட்டியில் மட்டும், இரண்டு கவரில் சுற்றி. கைப்பையில் திரவமும் குழம்புப் பதமும் 100 மில்லிக்கு மேல் கூடாது, நெய்யும் அந்தக் கணக்குதான்.

சாப்பாட்டுக்கு அவ்வளவு பயம் வேண்டாம். 1879 முதல் 1916 வரை சுமார் 60,000 பேரைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே கப்பலேற்றினார்கள், 1903-லிருந்து சென்னைத் துறைமுகம் வழியாகவும். அவர்களின் வாரிசுகள் இன்றும் பெரும் சமூகம். நாடி ஊருக்குள் ரொட்டி, பருப்பு, காய்கறிக் கறி தாராளமாகக் கிடைக்கும். தட்டில் மரவள்ளிக்கிழங்கு வந்தால் ஆத்தூர்க்காரர்களுக்கும் அது புதிதாக இராது. தீவு ரிசார்ட்டுகளில்தான் சொல்லி வைக்க வேண்டும். ‘சைவம்’ என்று மட்டும் எழுதினால் மீன் வரலாம். ‘இறைச்சி, மீன், முட்டை, சிப்பிச் சாஸ், மீன் சாஸ் எதுவும் கூடாது, பால், தயிர் சரி’ என்று விரித்து எழுதுங்கள். விமானத்தில் ‘ஏ.வி.எம்.எல்’ என்ற குறியீட்டைக் கேளுங்கள், அதுதான் நம் ஊர்ச் சைவம். ‘வி.ஜி.எம்.எல்’ போட்டால் தயிரும் வராது. இரண்டு நாள் முன்பே பதிந்தாக வேண்டும், இரண்டு விமானத்துக்கும் சேர்த்து.

சிவசுப்பிரமணியர் கோயில் நாடிக் கடைவீதியின் தென்கோடியில், நம் ஊர்க் கோபுரத்தோடு நிற்கிறது. 1926-ல் சாது குப்புசாமி தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம்தான் அங்கே தென்னிந்தியர்களின் பெரிய அமைப்பு. ‘வணக்கம்’ சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்கள். ஆனால் பேச்சு பெரும்பாலும் பிஜி ஹிந்தியில் தொடரும்.

பணம் எப்படி எடுத்துப் போவது? ஜிபே ஓடுமா?
– வாசகர், அம்மாபேட்டை

ஓடாது. பிஜி டாலரை இந்திய ஃபாரெக்ஸ் கார்டு பெரும்பாலானவற்றில் ஏற்ற முடியாது, அமெரிக்க அல்லது ஆஸ்திரேலிய டாலராக ஏற்றுங்கள். ரூபாய் நோட்டை அங்கே மாற்ற நினைக்க வேண்டாம். கிளம்புமுன் வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பயன்பாட்டை ஆன் செய்யுங்கள், ஓ.டி.பி. வர இந்திய சிம்முக்கு ரோமிங் போடுங்கள். இது இரண்டையும் மறந்து ரிசார்ட் வரவேற்பறையில் கார்டு நிராகரிக்கப்படுவதுதான் அடிக்கடி நடப்பது. கார்டு மெஷின் ‘இந்திய ரூபாயில் கட்டவா’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள், அந்த மாற்று விலை எப்போதும் நமக்கு நஷ்டம். ஏஜென்சி பேக்கேஜ் என்றால் டி.சி.எஸ். என்று பணம் வாங்கும்போதே ஒரு வரி பிடிப்பார்கள். அது கூடுதல் செலவல்ல, வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். பான் எண்ணுடன் ரசீது வாங்குங்கள்.

பிளக்கையும் சொல்லிவிடுகிறோம். அங்கே கால்கள் தட்டையாகச் சாய்ந்திருக்கும் ஆஸ்திரேலிய வகை, 240 வோல்ட். மாற்றி ஒன்று போதும். பவர்பேங்க் கைப்பையில் மட்டும். 20,000 எம்.ஏ.எச். வரை சிக்கலில்லை, ஆனால் 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் பறக்கும்போது அதில் சார்ஜ் போடக் கூடாது.

மாமனாருக்குச் சர்க்கரை, இன்சுலின் போடுகிறார். காலும் வீங்கும். எங்களில் யாருக்கும் நீச்சலும் தெரியாது.
– வாசகி, ஐந்து ரோடு

இன்சுலினைப் பெட்டியில் வைக்கவே கூடாது. சரக்கறையில் குளிர் மிகுந்து உறைந்துபோனால் மருந்து கெட்டுவிடும். ஐஸ் ஜெல் பையில் சுற்றி, மருத்துவர் சீட்டோடு கைப்பையில். மற்ற மாத்திரைகளும் அட்டையோடு. ஆறரை மணி நேரம் முன்னால் தள்ளுவதால் எந்த வேளை ஊசி எப்போது என்று மருத்துவரிடம் இந்திய நேரம், பிஜி நேரம் இரண்டிலும் எழுதி வாங்குங்கள். நடைபாதை ஓர இருக்கை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நடை, உட்கார்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசைப்பது. இறுக்கக் காலுறை அவருக்கு ஏற்றதா என்பதை மருத்துவரே சொல்லட்டும்.

பிஜியில் மலேரியா இல்லை, டெங்கு உண்டு. கொசு மருந்து எடுத்துப் போங்கள். பயணக் காப்பீட்டில் ‘முன்பே உள்ள நோய்’ சேர்ந்திருக்கிறதா, தீவிலிருந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு உண்டா என்று பாருங்கள்.

நீச்சல் தெரியாவிட்டால் லைஃப் ஜாக்கெட்டோடு குப்புற மிதந்து மீன் பார்க்கலாம், அதற்கு ரப்பர் செருப்பு வேண்டாம், பவழம் கிழிக்காத கடல் ஷூ வேண்டும். முதுகு முழுக்க வெயிலில் இருக்கும், தண்ணீர்க் குளிர்ச்சியில் சுடுவது தெரியாது. முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டே இறங்குங்கள். உங்கள் வீட்டில் யாராவது ஸ்கூபா முயன்றால், திரும்பும் விமானத்துக்கு முன் 18 மணி நேரமாவது விட வேண்டும். கடைசி இரவை எப்படியும் நாடியில்தான் வையுங்கள். காற்று பலத்தால் காலைப் படகு நின்றுவிட்ட நாளிலும் விமானம் நேரத்துக்குப் போய்விடும்.